கப்பலேறிய பாட்டனைத் தேடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

தீவாந்திர தண்டனை (கடல் கடந்த தீவுக்கு அனுப்பும் தண்டனை) பெற்று அந்தமான் போய், அங்கேயே விவசாயியாகத் தங்கிவிட்ட முன்னோரைத் தேடும் வாசகர்களின் கேள்விகள் இவை. சித்தூர், பாலக்காடு எல்லை ஊர்களிலிருந்து வந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

என் அப்பாவின் தாத்தா முனுசாமி ஒரு கொலை வழக்கில் தீவாந்திரம் போனாராம். "இங்கே நிலம் வாங்கி நெல் போட்டிருக்கிறேன்" என்று 1905 வாக்கில் ஒரு கடிதம் வந்ததாம். கடிதம் இப்போது இல்லை. அந்தமானுக்கு எழுதிக் கேட்டால் தகவல் கிடைக்குமா? – வாசகர், நகரி

எழுதலாம், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியர் கையில் இருந்தது. போர்ட் பிளேரில் இருந்த கைதிப் பதிவேடுகளில் பெரும்பகுதி அப்போது அழிந்துவிட்டது. நல்லவேளையாக, ஒரு ஆளைக் கடல் கடத்த ஓரிடத்துத் தாள் போதாது. தண்டித்த கோர்ட்டில் ஒன்று, மதராஸ் அரசாங்கத்தில் ஒன்று, இந்திய அரசின் உள்துறையில் ஒன்று என்று எழுத்துப் போக்குவரத்து நடந்திருக்கும். ஆகவே தேடலைக் கரையின் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் காலத்தைக் கணக்குப் போடுவோம். 1900-ஐ ஒட்டிய வருடங்களில் அந்தமான் நடைமுறை இப்படி இருந்தது: ஆண் கைதி முதல் ஆறு மாதம் தனி அறையில். அடுத்த ஒன்றரை வருடம் மற்றவர்களோடு சிறையில். பிறகு மூன்று வருடம் கூலி இல்லாத வேலை. இரவில் கொட்டடியில் பூட்டிவிடுவார்கள். அதன்பின் ஐந்து வருடம் அதே வேலை, சொற்பக் கைச்செலவுக் காசோடு. ஆகமொத்தம் பத்து வருடம். நடத்தை சரியாக இருந்தால் அப்போதுதான் 'செல்ஃப் சப்போர்ட்டர்' சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டு கையில் வந்தவர்தான் கிராமத்தில் குடியேறி, நிலம் உழுது, மாடு வளர்த்து, கல்யாணம் செய்துகொள்ளவோ ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கவோ முடியும். அப்போதும் அவர் விடுதலையான ஆள் இல்லை, தீவை விட்டு வெளியேற முடியாது. முழு விடுதலை 20 முதல் 25 வருடம் கழித்து.

ஆக, உங்கள் பாட்டனார் 1905-ல் நெல் போட்டிருந்தால் 1895-க்கு முன்பே கப்பலேறியிருக்க வேண்டும். 1880 முதல் 1895 வரை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். 'நிலம் வாங்கினார்' என்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். சீட்டு பெற்றவருக்கு நிலத்தை அரசாங்கம் பயிரிடக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வீடு, சாப்பாடு, கருவிகளுக்கு உதவி உண்டு. வரியும் வாடகையும் கிடையாது. மூன்று நான்கு வருடம் போனபின் உதவி நின்றுவிடும், சாதாரணக் குடியானவனைப் போல எல்லாம் கட்ட வேண்டும்.

அடுத்தது பேர். முனுசாமி என்ற ஒரே பேரை வைத்து இந்தப் பக்கத்தில் யாரையும் பிடிக்க முடியாது. அவருடைய அப்பா பேர், ஊர், தாலுகா, ஜாதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். கைதியின் விவரத்தில் 'இன்னார் மகன்' என்பது பெரும்பாலும் இருக்கும். பேர் எப்படி எழுதியிருந்தாலும் அப்பா பேரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் ஆள் அவர்தான். பேரைத் தெலுங்கு குமாஸ்தா கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, இன்னொருவர் படியெடுத்திருப்பார். முனுசாமியில் 'மு'வுக்கு எம் போட்டு இரண்டு ஓ போட்டிருக்கலாம், 'சாமி'யில் டபிள்யூ நுழைந்திருக்கலாம். கந்தசாமியை கே எழுத்தில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். சி, யூ, என், டி என்றும் ஆரம்பிக்கும். கிருஷ்ணன் அந்தக் காலத்தில் 'கிஸ்த்னன்'. பழனி 'புல்னி'. ஒவ்வொரு பேருக்கும் குறைந்தது ஐந்தாறு எழுத்துக்கோர்வை எழுதி வைத்துக்கொண்டு அகரவரிசைப் பட்டியலைப் பாருங்கள். ஒரே கோர்வையில் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பி வருவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் தவறு.

மூன்றாவது, கோர்ட். நகரி 1911 வரை வடஆற்காடு மாவட்டம். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ல்தான் பிறந்தது. அதற்கு முன் வடஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். ஆகவே வழக்கு சித்தூரில் நடந்திருக்கும், ஆனால் தீர்ப்பின் தலைப்பில் 'வடஆற்காடு செஷன்ஸ்' என்று இருக்கும். இதை அறியாமல் 'சித்தூர்' என்று பட்டியலில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. வழக்கின் பேரிலிருந்தும் காலம் தெரியும். 'குயின் எதிர்' என்று இருந்தால் 1877-க்கு முன், 'குயின் எம்ப்ரஸ் எதிர்' என்றால் 1877 முதல் 1901 ஜனவரி வரை, 'எம்பரர்' என்றால் அதற்குப் பின்.

கோர்ட் ரெக்கார்டு அறையில் சாட்சி வாக்குமூலங்கள் முதலில் கழிக்கப்பட்டிருக்கும். தீர்ப்பு மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீதித்துறை அரசாணைகளுக்கு வருடவாரியாக அட்டவணை உண்டு. கருணை மனு, தண்டனைக் குறைப்பு, ஆயுள் கைதி விடுதலை ஆகிய தலைப்புகளில் உங்கள் பாட்டனார் பேர் வரலாம். அட்டவணையில் கிடைத்ததும் ஆணையின் எண், தேதி, துறை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கட்டு எடுத்துத் தர முடியாது.

தெரிந்த குடும்பங்களில் பலருக்கும் பலன் தந்த இன்னொரு வழி பட்டா மாற்றம். ஆள் கப்பலேறிய ஒன்றிரண்டு வருடத்தில் அவர் பங்கு நிலம் அண்ணன் பேருக்கோ மனைவி பேருக்கோ மாறியிருக்கும். அந்த வருடம் தெரிந்தால் வழக்கின் வருடமும் தெரிந்த மாதிரி. ஆனால் ரயத்துவாரி ஊர்களுக்குத்தான் (அரசாங்கமே உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ஊர்கள்) இது சுலபம். உங்கள் பக்கம் பெரும்பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனாக இருந்ததால், ஜமீன் கணக்குகள் வீட்டில் எஞ்சியிருக்கிறதா என்று பங்காளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். சித்தூரில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஏன்? – வாசகர், சத்தியவேடு

நீங்கள் தேடிய மாவட்டமே தவறு. சத்தியவேடு பகுதி 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றச் சட்டத்தில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. 1960-க்கு முந்தைய எந்த வழக்கானாலும் செங்கல்பட்டு என்று தேடுங்கள். திருத்தணிக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு: 1911-க்கு முன் வடஆற்காடு, அதன்பின் 1960 வரை சித்தூர்.

எங்கள் வீடு சித்தூர் தாலுகாவில் (பாலக்காடு). முத்தச்சனின் (தாத்தாவின்) அண்ணன் வாளையாறு பக்கம் நடந்த ஒரு கொள்ளையில் பிடிபட்டு அந்தமான் போனதாகப் பேச்சு. எர்ணாகுளம் ஆவணக் காப்பகத்தில் அவர் பேர் இல்லை. – வாசகர், கொழிஞ்சாம்பாறை

உங்கள் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, அதனால் எர்ணாகுளம் போனது நியாயம்தான். ஆனால் வழக்கு குற்றம் நடந்த இடத்தைப் பின்பற்றும், வீடு எங்கே என்று பார்க்காது. வாளையாறு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். தென்மலபார் செஷன்ஸ் கோர்ட் கோழிக்கோட்டில் இருந்தது (வடமலபாருக்குத் தலைச்சேரி). கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகத்தில் மலபார் கலெக்டர் அலுவலகக் கட்டுகள் இருக்கின்றன, அங்கே போங்கள். சம்பவம் கோயமுத்தூர் எல்லைக்குள் நடந்திருந்தால் கோவை செஷன்ஸ். வாளையாறு ஆற்றுக்கு எந்தக் கரையில் நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் நிதானமாகக் கேளுங்கள். ஒரு கரை மாறினால் மாவட்டமே மாறிவிடும்.

பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு சின்ன மரவில்லை இருக்கிறது. மேலே துளை. ஐந்து இலக்க எண், கீழே 302, அதற்குக் கீழே இரண்டு தேதி போல ஏதோ. ஒன்று அழிந்துவிட்டது. ஓரத்தில் ஆங்கில 'எல்'. இது என்ன? – வாசகர், புத்தூர்

பத்திரமாக வையுங்கள். இது கைதியின் கழுத்துவில்லை. கழுத்தில் தொங்கவிட்டபடியே வேலை செய்வார்கள். ஐந்து இலக்கம் அவருடைய கைதி எண். 302 அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. தேதிகளில் ஒன்று தண்டனை விதித்த நாள், மற்றது விடுதலைக்கு உரிய நாள். 'எல்' என்றால் ஆயுள் தண்டனை. சிலருடையதில் 'டி' இருக்கும், அது கவனமாகக் காவல் காக்க வேண்டியவர் என்ற குறி. 395 கொள்ளை, 396 கொள்ளையில் கொலை, 121 அரசுக்கு எதிராகப் போர்.

இந்தச் சட்டம் 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பிரிவு எண் போட்ட வில்லை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. எண்ணை வைத்தும் ஒரு தோராயம் செய்யலாம்: 1911-ல் அங்கே கொண்டுபோகப்பட்ட வி.டி. சாவர்க்கரின் கைதி எண் 32778. உங்கள் எண் அதைவிடக் குறைவு என்றால் பெரும்பாலும் அதற்கு முன் போனவர். ஆனால் தண்டனைத் தேதி படிக்கக் கிடைத்தால் அதுவே மேல், எண் துணைக்குத்தான்.

வில்லையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ மஞ்சளோ தேய்க்காதீர்கள். அழிந்துபோன தேதியைப் படிக்க வேண்டுமானால் இருட்டு அறையில் வில்லையைக் கிடத்தி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத வெட்டு, பக்க வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். விளக்கை நான்கு திசையிலும் மாற்றி மாற்றி வைத்துப் படம் எடுங்கள். ஒரு திசையில் 3 போலத் தெரிவது இன்னொரு திசையில் 8 ஆக இருக்கும். வில்லை உங்கள் வீட்டில் இருப்பதால் அவர் திரும்பி வந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஊரில் அவர் சாவு நடந்த நினைவு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

1930-ல் என் தாத்தாவுக்குத் தீவாந்திர தண்டனை. தீர்ப்பு நகலே கையில் இருக்கிறது. அந்தமானில் எந்தச் சுவடும் இல்லை. – வாசகர், பாலக்காடு

அவர் கடலையே பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறோம். தண்டனையின் பேர் தீவாந்திரம்தான். ஆனால் சாதாரணக் கைதிகளை அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்துவது என்று 1921-ல் முடிவாயிற்று. அதன்பின் தீர்ப்பில் 'டிரான்ஸ்போர்டேஷன்' என்று எழுதியிருந்தாலும் பலர் இங்குள்ள மத்திய சிறைகளிலேயே காலம் கழித்தார்கள். மலபார்க்காரரானால் கண்ணூர் மத்திய சிறை. விரும்பிப் போனவர்கள், குடும்பத்தோடு குடியேற ஒப்பியவர்கள் என்று சிலர் அதற்குப் பிறகும் கப்பலேறினார்கள்; 1921 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைகள் (மலபார் முஸ்லிம்கள்) கதை தனி. அந்தத் தண்டனையின் பேரே 1956 ஜனவரி 1 முதல்தான் 'ஆயுள் சிறை' என்று மாறியது. முதலில் சிறைக் கணக்கு, பிறகுதான் தீவு.

என் நன்னியின் (பாட்டியின்) வாப்பா 1921 கலவரத்தில் பிடிபட்டு அந்தமானில் விவசாயம் செய்தாராம். குடும்பமும் பின்னால் போனது. நன்னி மட்டும் பெரியம்மா வீட்டில் இங்கே வளர்ந்தார். ஊர் மண்ணார்க்காடு பக்கம் என்று மட்டும் தெரியும். – வாசகர், புதுநகரம்

உங்களுக்குப் பிடி கிடைக்க வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாப்பிள்ளைக் கைதிகள் குடும்பங்களை வரவழைத்துக் கூட்டமாகக் குடியேறினார்கள். அவர்கள் உண்டாக்கிய ஊர்களுக்கு விட்டுவந்த ஊர்ப் பேரையே வைத்தார்கள். தெற்கு அந்தமான் வரைபடத்தைப் பாருங்கள்: மண்ணார்காட், மஞ்சேரி, வண்டூர், திரூர், காலிகட். வண்டூரில் இறங்கினால் மலையாளம் காதில் விழும். ஆனால் மண்ணார்க்காட்டுக்காரர் எல்லாரும் 'மண்ணார்காட்'டில்தான் இறங்கினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலம் கிடைத்த இடத்தில் இருந்திருப்பார்கள்.

தேட வேண்டியது மூன்று. அவரைத் தண்டித்தது வழக்கமான செஷன்ஸா, கலவரத்துக்கென்று அமைத்த தனி நீதிமன்றமா என்பது முதல் விஷயம். கோழிக்கோடு காப்பகத்தில் இதைக் கேளுங்கள். அடுத்தது, குடும்பத்தை அனுப்பிய கடிதப் போக்குவரத்து. மனைவி மக்களை வரவழைக்கக் கைதி விண்ணப்பித்தால் அது சொந்த மாவட்டத்துக்கு வந்து, இங்கே விசாரித்து, பதில் போகும். குழந்தைகளின் பேரும் வயதும் இருக்கக்கூடிய தாள் இதுதான், 'ஒரு பெண் உறவினர் வீட்டில் தங்கினாள்' என்ற வரிகூட இருக்கலாம். மூன்றாவது, அந்த ஊர்ப் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவும் கபர்ஸ்தானும். கல்லில் பேர் இருந்தால் வாப்பா பேரோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே அவருக்கு இருந்த நிலத்துக்கு ஏதாவது காகிதம் இருக்குமா? பங்கு கேட்க முடியுமா? ஒருவர் பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். – வாசகர், குப்பம்

பணம் கொடுக்காதீர்கள். காகிதம் தேடுவது வேறு, பங்கு கேட்பது வேறு.

கைதி விவசாயியிடம் இருந்தது பயிரிடும் அனுமதி, மண் அரசாங்கத்தினுடையது. 1926 நில விதிகளுக்குப் பிறகுதான் குடியேறியவர்களுக்கு நிலைத்த அனுபவ உரிமைக்கு வழி பிறந்தது. இன்றைய நிலக் கணக்கு 1966-ன் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின் கீழ் நடக்கிறது. நம் ஊர் அடங்கலுக்கு இணையாக அங்கே 'ஃபார்ம் எஃப்'. தாசில்தார் அலுவலகத்தில் பட்வாரியிடம் (கிராமக் கணக்கரிடம்) இருக்கும். உங்கள் பாட்டனார் 1926-க்கு முன்பே இறந்திருந்தால் வாரிசுக்குப் போகும் உரிமை என்று எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அதன் பிறகு இறந்திருந்தாலும் அங்கே இருந்த மனைவி மக்கள் உழுது வைத்திருப்பார்கள். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறவர்களிடம் பங்கு கேட்டுப் போனால் உறவு அன்றோடு அறுந்துவிடும். உறவைத் தேடிப் போங்கள் என்றே சொல்லுவோம்.

நிலக் கணக்கின் பயன் வேறு. அது ஒரு கிராமத்தின் பேரைத் தரும். கைதிக் கிராமங்களில் 'சௌத்ரி' என்று ஒரு தலைவர் உண்டு; ஊர்க்காரர்களுக்கு இன்றும் சௌத்ரி வீடு எது என்று தெரியும். அங்கே கேட்டால் 'மதராஸிலிருந்து வந்த கைதி இந்த மேட்டில் இருந்தார், தாழ்வில் நெல், சரிவில் தென்னை' என்று காட்டுவார்கள். பழைய பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று, ராஸ் தீவு 2018-ல் நேதாஜி பேருக்கு மாறியது. பழைய தாள்களில் பழைய பேர்தான்.

அங்கே உள்ள உறவுக்காரரைக் கண்டுபிடித்தோம். அவருக்குத் தமிழோ தெலுங்கோ வரவில்லை, பேரும் வேறு மாதிரி. எங்கள் குடும்பம்தானா என்று சந்தேகம். – வாசகர், பலமனேர்

மொழியை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். கைதி ஆண்கள் கைதிப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜாதியும் பிராந்தியமும் மதமும் கலந்தன. வீட்டுப் பேச்சு ஹிந்துஸ்தானி ஆயிற்று. 1942-க்கு முன் அங்கே வேரூன்றியவர்களின் சந்ததியினர் 'லோக்கல் பார்ன்' எனப்படுகிறார்கள். அந்தமான் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர்களுக்கு இடமுண்டு. அதற்காக அவர்கள் முன்னோரின் பழைய தாள்களைத் தேடி வைத்திருப்பார்கள். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். அதில் கைதி எண் இருந்தால், உங்கள் பக்கத் தீர்ப்பில் உள்ள அப்பா பேர், ஊரோடு பொருத்துங்கள். இரண்டும் பொருந்தும்வரை 'அண்ணன்', 'சித்தப்பா' என்று முறை வைத்து ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

தாளில் குற்றத்தின் விவரமும் இருக்கும். செத்தவரின் வாரிசுகள் இன்றும் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர்கள் பேரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

எங்கள் முன்னோர் போனது 1840-களில், 'பினாங்கு' என்கிறார்கள். அந்தமான் தேடல் பொருந்துமா? – வாசகர், ஆலத்தூர்

பொருந்தாது. அந்தமான் குடியேற்றம் 1858 மார்ச்சில், 200 கைதிகளோடு தொடங்கியது. அதற்கு முன் மதராஸ் கைதிகள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் போனார்கள். அந்தப் பக்கக் கைதி முகாம் 1873-ல் மூடப்பட்டது. எழும்பூரில் நீதித்துறைக் கலந்தாய்வுக் குறிப்புகளையும், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) பதிவுகளையும் பாருங்கள். முதலில் அவர் கைதியா, கூலி வேலைக்குப் போனவரா என்று உறுதி செய்யுங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொன்ன குடும்பங்கள் உண்டு.

வெளியூர் போக வசதியில்லை. வீட்டிலிருந்தே என்ன பார்க்கலாம்? – வாசகர், திருத்தணி

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். உள்துறையில் 'போர்ட் பிளேர்' என்றே ஒரு பிரிவு இருந்தது. அதில் வருடத்தை வைத்துத் தேடுங்கள். பேரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் வெறும் பக்கம்தான் வரும், ஏனென்றால் அட்டவணையில் கோப்பின் தலைப்பு மட்டுமே ஏறியிருக்கும். 'கன்விக்ட்', 'செல்ஃப் சப்போர்ட்டர்', 'ரிலீஸ்', 'மதராஸ்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, உங்கள் பாட்டனாரின் வருடத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருடம் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். அச்சான அறிக்கையில் எண்ணிக்கை இருக்கும், ஆட்களின் பேர் இருக்காது. கோப்பு கிடைத்தால் கோப்பு எண், பக்கம், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சென்னைக்கு யாராவது போகும்போது அந்தத் தேதியைக் கொடுத்தனுப்பினால் எழும்பூர் அட்டவணையில் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.